மாணாக்கர் அனுபவத்தை அளக்குமாறு

கல்லூரியில் கற்குஞ் சூழ்நிலை எத்தகையதென்பதை மாணாக்கரிடமே கேட்டறிவது நியாயமென்பதில் எவருக்கும் ஆக்ஷேபமிராது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதிலேதான் தகராறு.

இவ்விஷயத்திற் பெயர்பெற்ற அளவுகோலொன்று ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ நகரில் ஆக்கப்பெற்று 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வினாக்கள் 50, ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பு 4, ஆக மொத்தம் 200. அது வைத்தியம் முதலிய சுகாதாரக் கல்விகளுக்கென எழுந்தது. வகுப்பறையும் நோயாளியின் படுக்கையும் அருகருகே இருக்குமிடத்திற்கு அது பொருந்தும். சமூகப்பணிக் கல்வியோ அத்தகையதன்று.

1936-ல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையார் இந்தியாவின் முதற் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினர். அதன் முதல் தலைவர் கிளிப்பர்டு மான்ஷார்ட்டு என்னும் அமெரிக்க மிஷனெரி. நாகபாடாவின் ஏழை மக்களிடையே அவர் புரிந்த ஊழியமே அப்பள்ளிக்கு வித்து. ஆதலின் இக்கல்வியிற் களப்பயிற்சி பிற்சேர்க்கையன்று, உயிர்நிலையேயாம்.

கீரனூரையே எடுத்துக்கொள்வோம். திருச்சி-புதுக்கோட்டைச் சாலையிலுள்ள இவ்வூர் குளத்தூர் வட்டத்தின் தலையிடம். 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகிய மாவட்டமிது. இப்பக்கத்துக் கிராமமொன்றிற் பயிற்சிபெற வரும் மாணவிக்குக் கற்குஞ் சூழ்நிலை எது? தவறிப்போன பேருந்து, வெயிலில் நடந்த தூரம், கழிப்பிடம் இல்லாமை, ஊர்ப் பெண்கள் திண்ணையில் இடங்கொடுத்து மனம்விட்டுப் பேசிய நாள், வழிகாட்டவேண்டிய அலுவலர் தொழிலைக் கற்பிக்கிறாரா, வெறுமனே கணக்கெழுத வைக்கிறாரா என்பது. இவற்றை வினவும் கேள்வி அத்தாளில் இல்லை. அதனை அப்படியே தமிழாக்கிக் கையிற் கொடுப்பதனால் யாது பயன்?

மற்றொரு சங்கடமும் உண்டு. பெயரெழுத வேண்டாமென்பர். ஐவர் மட்டுமே செல்லும் கிராமத்தின் பெயரைக் குறித்த மாத்திரத்தில் எழுதியவர் இன்னாரென்பது விளங்கிவிடும்! களப்பயிற்சிக்கு மதிப்பெண் இடுபவரே அத்தாளையும் படிப்பாரானால், எல்லாம் நன்றென்றே எவரும் எழுதுவர். அப்பொழுது 200-க்கு 160 வரினும், அது அச்சத்தின் அளவேயன்றிச் சூழ்நிலையின் அளவன்று. சராசரியோ இன்னும் மோசம். நாற்பதுபேர் மகிழ்ச்சியில் ஒருத்தியின் துன்பம் கரைந்துபோம்.

எனது அபிப்பிராயம் இது: களத்தைப் பற்றிய வினாக்களைச் சென்ற ஆண்டு களஞ்சென்று மீண்ட மாணாக்கரே எழுதட்டும். மதிப்பெண்களை ஒப்புவித்த பின்னரே, வேறு துறை ஆசிரியர் ஒருவர் தாள்களைப் பிரிக்கட்டும். தனித்த முறையீடுகளைச் சராசரியிற் சேர்க்காது தனியே விசாரிக்கட்டும். முடிவுகளை, புதிய மாணாக்கர் கிராமங்களுக்குப் புறப்படுமுன் அவர்கள் கூடிய சபையில் வாசித்து, இனி எந்நிலையத்துக்கு எவரையும் அனுப்புவதில்லையென்பதையும் அங்கேயே சொல்லிவிடுதல் வேண்டும்.