கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

"ரொயோட்டா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடி அனுமதி கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் இந்த வசனம் எத்தனை தரம் சொல்லப்பட்டிருக்கும் என்று கணக்கில்லை. சொல்பவர் அப்பா. எதிர்க்கட்சி தம்பி. அவனுக்கு பிவைடி. சீனக்காரனின் மின்சாரக் கார்களைப் பற்றி அவன் பார்க்காத வீடியோ இல்லை. சாப்பாட்டு மேசையில் தொடங்கும் சண்டை கிணற்றடி வரைக்கும் போகும். அம்மா ரீவியின் சத்தத்தைக் கூட்டுவா.

இதில் ஒரு சின்ன விசயம் இருக்கிறது. லீசிங் என்ர பேரில். மாதாமாதம் கட்டப்போவது நான். ஆனால் எந்தக் கார் என்று என்னிடம் இரண்டு பேரும் கேட்கவில்லை. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்ன கலர் பிள்ளை விருப்பம்?"

அந்தக் கேள்வி தந்த எரிச்சலில்தான் யோசிக்கத் தொடங்கினேன். ஒரு மனிதருக்கு ஒரு கார்க் கொம்பனி மீது இப்படி ஒரு பற்று எப்போது வந்து ஒட்டிக்கொள்கிறது? அவர் அதைத் தெரிவு செய்கிறாரா, அல்லது தெரிவு செய்யும் வயது வருவதற்கு முன்னமே அது நடந்து முடிந்துவிடுகிறதா?

எங்கள் வீட்டு வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். அப்பப்பா ஒரு 'ஒஸ்ரின் ஆள்'. முதலில் அவரிடம் இருந்தது ஏ40 சொமர்செற். 1952 முதல் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் செய்த, உருண்டைக் கன்னமுள்ள கார். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஓடிய கார். பிறகு அவர் ஒஸ்ரின் கேம்பிரிஜுக்கு மாறினார். இரண்டு வீடு தள்ளி இருந்த வாத்தியார் மொறிஸ்காரர். அவரிடம் ஒக்ஸ்போர்ட் இருந்தது. எது திறம் என்று இரண்டு பேரும் கோயில் வீதியில் நின்று கதைத்ததை, கதைத்து முகம் கோணியதை, அப்பா இப்போதும் நடித்துக் காட்டுவார்.

உண்மை என்னவென்றால், ஒஸ்ரினும் மொறிஸும் 1952இலேயே ஒன்றாகச் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டோர் கோப்பரேசன் ஆகிவிட்டன. 1959இல் வந்த கேம்பிரிஜுக்கும் ஒக்ஸ்போர்டுக்கும் உடம்பு ஒன்று. வடிவமைத்தது இத்தாலியின் பினின்பரீனா. 1489 சிசி எஞ்சினும் ஒன்று. இதே காருக்கு எம்ஜி, ரைலி, வூல்ஸ்லி என்றும் பேர் குத்தி விற்றார்கள். வித்தியாசம் முன் கிறில், உள் அலங்காரம், இலச்சினை, விலை இவைகளில்தான். அப்பப்பாவும் வாத்தியாரும் ஒரே காரை வைத்துக்கொண்டு வருசக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்!

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். நானும் சிரித்தேன். ஆனால் அவர்களின் பற்று பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கார்கள் எங்கட ஊரில் நின்று பிடித்த கதை வேறு.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, கையில் இருந்ததைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு வழி. தெற்கில் பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. வடக்கில் 1990இல் மறுபடி கதவு மூடப்பட்டது. பொருளாதாரத் தடை. பெற்றோல் தங்கம் மாதிரி. அப்போதுதான் இந்தக் கிழட்டு ஆங்கிலேயக் கார்கள் தங்கள் உண்மையான குணத்தைக் காட்டின. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

ஏன் ஓடின என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவும் குறைவு. அமுக்கம் கூடிய புது எஞ்சின் என்றால் தட்டித் தட்டியே செத்துவிடும். பழைய எஞ்சின் சமாளிக்கும். காலையில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால் ஒயிலையும் கவனிக்க வேண்டும். இறக்குமதிச் சாமான் இல்லாத இடத்தில் லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுப்பார். கார்பரேற்றரைக் கழற்றி ஊதிப் பூட்டுவதற்கு ஒரு திருகாணிச் சாவியும் பொறுமையும் போதும்.

ஆக, அப்பாவின் தலைமுறை ஒஸ்ரினை நேசித்ததில் ஒரு பிழையும் இல்லை. அது அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் அந்த நேசத்தில் இலச்சினைக்கு எவ்வளவு பங்கு, லேத்காரருக்கு எவ்வளவு பங்கு? என்னைக் கேட்டால் லேத்காரருக்குத்தான் கூட. கதவு பூட்டிய வீட்டுக்குள் எது இருந்ததோ, எதைத் திருத்த முடிந்ததோ, அதை நேசித்தார்கள்.

அப்படியென்றால் அப்பா எப்படி ரொயோட்டாக்காரர் ஆனார்? யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு அவர் ஒரு பழைய ஹையேஸ் வான் எடுத்தார். எங்கட நாட்டில் எல்லாரும் 'டொல்பின்' என்று சொல்லுகிற அந்த வான். கொழும்புக்கு ஹயர் ஓடினார். அவர் சொல்லும் காரணம் இதுதான்: "வவுனியாவில நிண்டாலும் சாமான் இருக்கும், புத்தளத்தில நிண்டாலும் சாமான் இருக்கும். திருத்தத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை." எஞ்சினின் வலுவைப் பற்றி அவர் கதைத்ததை நான் கேட்டதில்லை. வழியில் தனியே விடப்படாத நிம்மதியைப் பற்றித்தான் கதைப்பார்.

அந்தச் சாமான் ஏன் எல்லா ஊரிலும் இருந்தது? ஜப்பானிலும் எங்களைப் போல வீதியின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வலப்பக்கச் ஸ்ரியறிங். அங்கே பாவித்த வாகனத்தை அப்படியே இங்கே ஓட்டலாம். அதோடு ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருசத்திலும், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒரு தரமும் கட்டாயப் பரிசோதனை. அதற்குச் செலவு கூட என்பதால் நல்ல நிலையில் இருக்கும்போதே பலர் விற்றுவிடுகிறார்கள். அவை கப்பல் ஏறி இங்கே வந்தன. நிறைய வந்ததால் நிறையச் சாமான் வந்தது. சாமான் இருந்ததால் மெக்கானிக் பழகினார். மெக்கானிக் பழகியதால் மறுவிற்பனை விலை நின்றது. இவ்வளவும் சேர்ந்து கடைசியில் ஒரே வசனமாகச் சுருங்கியது: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அப்பா அந்த முடிவுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தார். கணக்குப் பார்த்து வந்தார். எங்களுக்குத் தந்ததோ கணக்கை அல்ல, விடையை மட்டும்.

பற்று இப்படித்தான் கைமாறுகிறது. சிறுவயதில் எங்கள் வீட்டுக் கேம்பிரிஜின் பொனெற்றுக்கு முன்னால் ரோச் லைற் பிடிப்பது என் வேலை. அப்பா காட்டுகிற இடத்தில் வெளிச்சம் விழாவிட்டால் ஏச்சு விழும். அந்த ஒயில் மணம், சூடான ரப்பர் மணம், எஞ்சின் பிடித்ததும் அப்பாவின் முகத்தில் வரும் சிரிப்பு எல்லாம் எனக்குள் இப்போதும் இருக்கின்றன. தம்பிக்கு ஏழு வயதானதும் ரோச் அவன் கைக்குப் போனது. "நீ உள்ள போய்ப் படி பிள்ளை" என்றார்கள். நானும் போய்ப் படித்தேன். இன்றைக்கு லீசிங் என்ர பேரில் கிடைப்பதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்தான். ஆனால் காரைப் பற்றிக் கதைக்கிற உரிமை ரோச்சோடு சேர்ந்து போய்விட்டது.

ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கண்டாலே அதன் மேல் விருப்பம் வளரும் என்று உளவியலாளர் றொபேர்ட் ஸாயன்ஸ் 1968இல் பரிசோதனைகளால் காட்டினார். பெற்றோர் வைத்திருந்த கொம்பனியின் காரையே வளர்ந்த பிள்ளைகளும் தெரிவு செய்யும் போக்கு அமெரிக்கக் குடும்பங்களில் வலுவாக இருப்பதாக 2015இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்றும் சொல்கிறது. எங்கட அம்மாவுக்கு ஆய்வு தேவையில்லை. "அப்பனைப் போலத்தான் பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவா.

அப்படியென்றால் தம்பி ஏன் ரொயோட்டாக்காரன் ஆகவில்லை? அவன் ரோச் பிடித்தது கொஞ்சக் காலம்தான். வான் வந்த பிறகு திருத்த வேலையெல்லாம் கராஜுக்குப் போய்விட்டது. அவனுடைய பொனெற் கணினித் திரையில் திறந்தது. பத்து வயதில் அவனது அறைச் சுவரில் நிசான் ஸ்கைலைன் படம் ஒட்டியிருந்தது. அந்தக் காரை அவன் நேரில் கண்டதே இல்லை. அமெரிக்காவில் நிசான் ஸ்கைலைன் ஜிரிஆரை உத்தியோகபூர்வமாக விற்கவே இல்லை. இருந்தும் 'கிரான் ரூறிஸ்மோ' விளையாட்டாலும் படங்களாலும் அங்கே அதற்குப் பைத்தியமாகத் திரிந்த ஒரு தலைமுறை உருவானது. தொடாத காரின் மேல் வந்த பற்று. தம்பியின் பிவைடிப் பற்றும் அந்த வகைதான். அப்பா வாழ்க்கையிலிருந்து எடுத்த விடையைச் சொல்கிறார், இவன் திரையிலிருந்து எடுத்த விடையைச் சொல்கிறான். கணக்கு இரண்டு பேரிடமும் இல்லை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். யாருக்கு எந்தக் கார் வடிவோ அதைப் பார்த்து ரசிக்கட்டும். ஆனால் எங்கட நாட்டில் கார் என்பது வரியும் வட்டியும் சேர்ந்து, ஒரு குடும்பத்தின் பல வருச உழைப்பு. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பாவித்த கார்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். 2022இல் கியூஆர் கோட்டோடு பெற்றோல் வரிசையில் நின்றபோது, "மண்ணெண்ணெயில் ஓடிச்சுது" என்று பழைய கார்க் கதை சொன்ன பெரியவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். மண்ணெண்ணெய்க்கும் வேறொரு வரிசை இருந்தது. கதவு மூடியிருந்த காலத்தில் வந்த பற்று, கதவு திறந்த காலத்தில் வழிகாட்டாது. அது சொல்லும் நிபந்தனைகள் மாறிவிட்டன.

புதியவனும் அப்படியே தப்ப முடியாது. முதல் தலைமுறை நிசான் லீஃப் எங்கட தெருக்களுக்கு வந்தபோது பெற்றோல் செலவு இல்லை என்பதே பெரிய கதையாக இருந்தது. அதன் பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, வெப்பமான ஊர்களில் கொள்ளளவு கெதியாகக் குறையும் என்பது பலருக்குப் பிறகுதான் விளங்கியது. அதற்காக மின்சாரக் கார் எல்லாம் கூடாது என்று சொல்லவில்லை. பிவைடி 1995இல் பற்றறி செய்யும் கொம்பனியாகத்தான் தொடங்கியது. தொழில் தெரிந்தவர்கள். ஜப்பான் கார்களையும் ஒரு காலத்தில் 'தகரம்' என்று அப்பப்பா சொன்னவர்தான். கேட்க வேண்டிய கேள்வி எந்த நாடு என்பதில் இல்லை. எங்கட வெயிலில், எங்கட ஊரில், எட்டு வருசம் கழித்து இதை யார் திருத்துவார் என்பதில் இருக்கிறது.

அதைக் கேட்க எங்கட கராஜ் அண்ணையிடம் போனேன். தனியாக. அவர் முதலில் தம்பி வரவில்லையா என்று பார்த்தார். பிறகு கதைத்தார். "என்ன கார் எண்டாலும் பரவாயில்லை தங்கச்சி. அந்தக் கொம்பனி எனக்குச் சாமான் விக்குமோ? ஸ்கானர் போட்டால் உள்ளுக்க பாக்க விடுமோ? விட்டால் திருத்துவன். விடாட்டி நீங்கள் அவையின்ர வாசலிலதான் நிக்கோணும்."

எங்கள் வீட்டில் இவ்வளவு நாள் நடந்த சண்டையில் இந்தக் கேள்வி ஒரு தரம்கூட வரவில்லை. ஆனால் அப்பாவை ஒஸ்ரினிலிருந்து ரொயோட்டாவுக்குக் கொண்டுபோனது இதே கேள்விதான். அவர் அதை மறந்துவிட்டார். பேரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அன்றிரவு ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேருக்கும் முன்னால் வைத்தேன். சாமான் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா, பற்றறி உத்தரவாதம் எத்தனை வருசம், வெளிக் கராஜில் திருத்தினால் உத்தரவாதம் செல்லுமா, ஐந்து வருசத்தில் விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார், கரண்ட் போனால் என்ன செய்வது. தம்பி வழமைபோல போனை எடுத்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு முதல் தடவையாகக் கேட்டார்: "அப்ப, நீ எந்தக் காரை யோசிக்கிறாய் பிள்ளை?"

இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டு கொம்பனிகளிடமிருந்து பதில் வரவேண்டியிருக்கிறது. கலர் மட்டும் வெள்ளை. எங்கட வெயிலுக்கு அதுதான் சரி.