எண்ணெய் காணாத தலை

சென்ற ஆவணி மாதம் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்திருந்த அவள் பெண், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம், கொழுகொழுவென்று இருந்தது. தாயார்தான் வெளிறிப் போயிருந்தாள். முன்பெல்லாம் அவள் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். இப்போது எலிவாலைப் போல் தோளோடு ஒட்டிக் கிடந்தது.

என் தமக்கை ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். அன்று காலை சீப்போடு வந்த மயிர். ஒரு எலுமிச்சங்காய் அளவு இருந்தது.

"தம்பி, நீதான் பத்திரிகையில் ஆரோக்கிய விஷயமெல்லாம் எழுதித் தள்ளுகிறாயே! எந்த எண்ணெய் தடவினால் இது நிற்கும்? அதைச் சொல்லு, போதும்" என்றாள்.

ஸ்நான அறை மாடத்தை எட்டிப் பார்த்தேன். ஏழு புட்டிகள் வரிசையாய் நின்றன. கரிசலாங்கண்ணித் தைலம் முதல், பெயரை உச்சரிக்கவே ஒரு பண்டிதர் வேண்டியிருக்கும் சீமைத் தைலம் வரையில் எல்லாம் இருந்தன.

"அக்கா, இவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டேன்.

"தலையைப் பற்றிக் கேட்டால் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாயே!" என்று அவள் சிரித்தாள்.

நேயர்களில் பலருக்கும் இது சிரிப்பாகவே தோன்றக்கூடும். நம் ஊரில் ஏழைக் குழந்தையின் பரட்டைத் தலையைப் பார்த்தால், "பாவம், எண்ணெய் காணாத தலை" என்போமே தவிர, பருப்புக் காணாத வயிறு என்று சொல்லும் வழக்கம் இல்லை அல்லவா?

நாம் தலைக்கு வெளியே காணும் மயிர் உயிரற்ற பொருள். நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிர் இருப்பதெல்லாம் தோலுக்கு உள்ளே, வேரில்தான். அந்த வேருக்கு இரத்தத்தின் மூலமாகவே உணவு வருகிறது. தலையில் சுமார் ஒரு லக்ஷம் மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஸென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே இடுப்பளவு கூந்தல் உடைய ஒரு பெண்ணின் பின்னல் நுனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. அன்று அவள் உண்ட சோறுதான் இன்று அந்த நுனியில் ஆடிக்கொண்டிருக்கிறது! கூந்தலை நாட்குறிப்புப் புஸ்தகம் என்றே சொல்லலாம். அதில் மாற்றி எழுத நம்மால் முடியாது.

அந்த நாட்குறிப்பை வாசிக்கக் கற்றவர்களில் ஒருவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர். 1929-ம் வருஷம் அவர் ஆப்பிரிக்காவில் அப்போது கோல்டு கோஸ்ட் என்று வழங்கிய நாட்டுக்கு (இன்றைய கானா) வேலைக்குச் சென்றார். அங்கே ஒன்றிலிருந்து நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர் கை கால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து இறந்துகொண்டிருந்தனர். மக்காச்சோளக் கஞ்சியே அவர்களுடைய ஆகாரம். 1933-ல் வில்லியம்ஸ் இந்நோயைப் பற்றி எழுதினார். இது புதிய நோயே அல்ல என்று பெரிய வைத்தியர்கள் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1935-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில், அந்த ஊர்த் தாய்மார்கள் கா மொழியில் வழங்கிய பெயரையே நோய்க்குச் சூட்டினார்: 'க்வாஷியோர்கர்.' அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'சவலைப் பிள்ளை' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது வேறு எதை? தம்பியோ தங்கையோ வயிற்றில் வந்துவிட, தாய்ப்பால் இழந்து இளைத்த குழந்தைதானே சவலை! கடல் கடந்த இரண்டு ஜாதித் தாய்மார்கள் ஒரே துயரத்துக்கு ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்நோய் கண்ட குழந்தையின் கறுத்த மயிர் செம்பட்டையாகும். சுருள் மயிர் நீண்டு தொய்யும். விரலால் பற்றி இழுத்தால் வலியின்றிக் கையோடு வரும். இடையிலே சில மாதம் நல்ல ஆகாரம் கிடைத்தால், அந்த மாதங்களில் முளைத்த பகுதி மட்டும் கறுப்பாயிருக்கும். மறுபடி பஞ்சம் வந்தால் மறுபடி செம்பட்டை. ஒரே மயிரில் கறுப்பும் செம்பட்டையுமாகப் பட்டைகள்! வைத்தியர்கள் இதற்குக் 'கொடி அடையாளம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்கும் பெருமை தராத கொடி.

நம் நாட்டிலும் இக்கொடி பறந்ததுண்டு. குன்னூரில் 1918-ல் மக்காரிஸன் ஓர் அறையில் தொடங்கிய ஆகார ஆராய்ச்சி, பிறகு பெரிய ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. அதைச் சேர்ந்தவர்கள் தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோயை ஆராய்ந்திருக்கிறார்கள். வெறும் புரதக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் அன்று என்ற கருத்தை வலியுறுத்தியவர்களில் டாக்டர் கோபாலன் முக்கியமானவர். இன்று இந்நோய் நம்மிடையே அரிதாகிவிட்டது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் திரிவதால் செம்பட்டையாகும் தலைகளும் உண்டு. பிறவியிலேயே அப்படி இருப்பவர்களும் உண்டு. பார்த்த குழந்தையை எல்லாம் நோயாளி என்று எண்ணிவிடக் கூடாது.

மயிரின் கறுப்பு நிறத்துக்கு மெலனின் என்று பெயர். புரதத்திலுள்ள டைரோஸின் என்ற பொருளிலிருந்து வேர் அதைத் தயாரிக்கிறது. அந்த வேலைக்குச் சிறிது தாமிரமும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தாமிரச் சத்துக் குறைந்த நிலங்களில் மேய்ந்த கறுப்பு ஆடுகளின் ரோமம் வெளுத்ததைக் கண்டிருக்கிறார்கள். மனிதருக்குத் தாமிரக் குறைவு அபூர்வம். செப்புப் பாத்திரத் தண்ணீரைக் குடித்து நரையைக் கறுக்க வைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நரையைப் பற்றிச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாந்தோதெனிக் அமிலம் என்ற ஜீவசத்து இல்லாத ஆகாரத்தால் கறுப்பு எலிகள் நரைத்தன என்றும், அதைக் கொடுத்ததும் மறுபடி கறுத்தன என்றும் தெரிந்தது. உடனே உலகமெங்கும் கிழவர்களுக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நிலையான பலன் கிட்டவில்லை. எலி வேறு, நாம் வேறு. நரை பெரும்பாலும் வயதையும் வம்சத்தையும் பொறுத்தது. தகப்பனாருக்கு முப்பதில் நரைத்திருந்தால் பிள்ளை கறிவேப்பிலையைக் கூடை கூடையாகத் தின்றாலும் பயன் சொற்பம். (அதற்காகச் சாதத்தில் வரும் கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.)

ஒரு விலக்கு உண்டு. பி-12 என்ற ஜீவசத்துக் குறைந்தால் இளநரை வரலாம். குறையைத் தீர்த்தால் சிலருக்கு மறுபடி கறுத்ததும் உண்டு. இச்சத்து தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. மாமிசம் உண்ணாத குடும்பங்களுக்குப் பாலும் தயிரும்தான் இதற்குத் துணை. இருபத்தைந்துக்குள் நரைக்கும் மரக்கறிக்காரர் கண்ணாடிக்கு முன் நிற்பதை விட்டு வைத்தியரிடம் போவது நலம்.

இனி என் மருமாளின் கதைக்கு வருவோம். பிரசவமான இரண்டு முதல் நான்கு மாதங்களில் மயிர் உதிர்வது இயற்கை. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய மயிரெல்லாம் சேர்ந்து அப்போது உதிர்கிறது. ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் சொன்னதும் என் தமக்கைக்குச் சமாதானம் ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. அந்தப் பெண் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். கண்ணின் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

"பத்தியம் எப்படி?" என்று கேட்டேன்.

பருப்பு வாயு, ஆகவே இல்லை. கீரை குழந்தைக்கு மாந்தம், ஆகவே இல்லை. பழம் குளிர்ச்சி. தயிர் அதைவிடக் குளிர்ச்சி. நான்கு மாதமாக மிளகு ரஸமும் சுட்ட அப்பளமும் சாதமும். நடுவில் மூன்று வேளை காப்பி. பால் கொடுக்கும் தாய்க்கு! இத்தனையும் அவள் மீது உயிரையே வைத்திருக்கும் தாயார், கண்ணும் கருத்துமாகச் செய்தது. அன்பினால் போட்ட பட்டினி.

இரத்தம் சோதிக்கப்பட்டது. ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் 8 கிராம் இருந்தது. இவள் ஒருத்தி கதையல்ல இது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. பாதிக்கு மேல்! இரத்தம் குறைந்தால் உடம்பு இதயத்தையும் மூளையையும் முதலில் கவனிக்கிறது. தலைமயிர் கடைசிப் பந்தியில் உட்காருகிறது. நம் வீடுகளில் பெண்கள் உட்காருவதும் அங்கேதான்.

வைத்தியர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பருப்பும் கீரையும் தயிரும் தினம் வேண்டும் என்றார். முட்டை தின்பவர்கள் முட்டையும் தின்னலாம். சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்டவுடன் காப்பி, தேயிலை கூடாது, அவை பிடிக்கவிடா. கடையில் கூந்தலுக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையைப் பற்றித் தமக்கை விசாரித்தாள். அந்தச் சத்துக் குறைவது மிக அபூர்வம் என்று சொல்லி அவர் சிரித்தார். 'ஏ' ஜீவசத்தை அளவு மீறித் தின்றால் மயிர் கொட்டவே செய்யும்.

எண்ணெய்க்கு ஒரு வார்த்தை பரிந்து பேசாவிட்டால் பாவம். தேங்காயெண்ணெய் தடவிய மயிர் தலை முழுகும்போது புரதத்தை அதிகம் இழப்பதில்லை என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இருக்கிற மயிரை அது காக்கும். இல்லாத மயிரை முளைப்பிக்காது.

தைப் பொங்கலுக்கு மறுபடி போயிருந்தேன். மருமாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து படபடவென்று இறங்கி வந்தாள். பின்னல் இன்னும் மெலிந்துதான் இருந்தது. ஆனால் நெற்றி ஓரமெல்லாம் இரண்டு விரற்கடை நீளத்தில் புது மயிர்கள் கருகருவென்று முளைத்துக் குத்திட்டு நின்றன. தமக்கை அவற்றை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவை படியவே மாட்டேன் என்கின்றன. இதற்கு ஏதாவது எண்ணெய் உண்டா?"