செங்கல்பட்டு இருளர் பேச்சும் மொழி வகைப்பாட்டின் அளவுகோலும்

மாசி மகத்தன்று செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. மணலில் கன்னியம்மனுக்குக் கோயில் அமைத்து வழிபட்டு, திருமணங்களும் முடித்துத் திரும்புகின்றன. இவர்கள் பேசுவது தமிழ். ஆயினும், 'இருளம் ஒரு தனித் திராவிட மொழி' என்னும் முடிவை இவர்கள் மீதும் ஏற்றிச் சொல்வது எளிதாக நேர்ந்துவிடும் பிழை.

அம்முடிவின் ஆதாரம் நீலகிரிச் சரிவில் உள்ளது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் வரிசைப்படுத்திய மொழிகளில் இருளம் இல்லை. நெடுங்காலம் அது சிதைந்த தமிழ் என்றே ஒதுக்கப்பட்டது. டிஃப்லோத் 1968இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும், கமில் சுவெலபில் 1973 முதல் வெளியிட்ட நூல்களுமே அதைத் தமிழுக்கு நெருங்கிய, ஆனால் தனித்த தென்திராவிட மொழியாக நிலைநிறுத்தின. அதன் நடு உயிரொலிகள் அத்தனித்தன்மையின் தெளிவான கூறு. இச்சான்றுகள் நீலகிரிப் பேச்சுக்கு உரியவை. செங்கல்பட்டுச் சமவெளியிலிருந்து பெறப்பட்டவை அல்ல. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளே இவ்விரு பகுதி இருளரையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன.

குலப்பெயரின் ஒற்றுமை மொழியுறவுக்குச் சான்றாகாது. செங்கல்பட்டு இருளரின் முன்னோர் இருளம் பேசித் தமிழுக்கு மாறினர் என்பதும், தொன்றுதொட்டே தமிழ் பேசினர் என்பதும் கருதுகோள்களே. அவர்தம் பேச்சைக் 'கொச்சை' எனத் தள்ளுவதோ ஆய்வே அன்று. எதை மெய்ப்பிக்க வேண்டுமாயினும் பொதுப் புத்தாக்கங்களைத் தேட வேண்டும்: உயிரொலி மாற்றம், மூவிடப்பெயர், காலம் காட்டும் இடைநிலை ஆகியவற்றில் தமிழின் பிற வழக்குகளில் இல்லாது நீலகிரி இருளத்தோடு மட்டும் பொருந்தும் மாற்றங்கள் உளவா என்பதே கேள்வி. பழமை எச்சங்கள் பலவாயினும் கிளையுறவை உறுதி செய்யா. பாம்பு, எலி, மூலிகை பற்றிய தொழிற்சொற்களும் அவ்வாறே; சொற்கள் எளிதில் கடனாகச் செல்பவை. (அச்சொற்களைத் தொகுப்பது தன்னளவில் பெரும்பணி என்பது வேறு.)

காலந்தாழ்த்தினால் நேர்வதற்குக் கானரித் தீவுகள் சான்று. அங்கு வழங்கிய குவாஞ்சே, வட ஆப்பிரிக்கப் பெர்பர் மொழிகளோடு உறவுடையது எனப் பலர் கருதுவர். பெர்பர் மொழிகள் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் ஒரு கிளை என்பது தெளிவு. ஆனால் பேசுவோரை இழந்து சில சொற்களும் தொடர்களுமாக எஞ்சிய குவாஞ்சேயின் சரியான இடம் இன்றளவும் விவாதத்துக்குரியது.

செங்கல்பட்டில் பேசுவோர் இருக்கின்றனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வணிகம் ஒடுங்கியது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சு எடுக்கும் தொழிலால் வடநெம்மேலியில் அவ்வறிவைப் பிழைக்கச் செய்தது. ஆயினும் காட்டுத் தொழிலையே வாழ்வாகக் கொண்டிருந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அம்முதியோரிடம் சொற்பட்டியலை நீட்டிப் பெயர் கேட்பதைக் காட்டிலும், ஒரு வேட்டையை முழுமையாகச் சொல்லச் செய்து ஒலிப்பதிவதே தக்கது; இடைநிலைகளும் உயிரொலிகளும் இயல்பான தொடர்பேச்சிலேயே வெளிப்படும். அதே உரையை நீலகிரி இருளரிடமும், அதே ஊர்களில் வாழும் பிற சமூகத்தாரிடமும் பெற்று ஒப்பிட வேண்டும். இம்மூன்றாம் தரவு இல்லையெனில், வட்டார வழக்கை இருளர் கூறு என மயங்க நேரும்.