கை தட்டினால் மட்டும் போதுமா?



'விளையாட்டுப் படமா? அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் வீட்டுப் பெண்கள் ரசித்துப் பார்க்க அதைவிட நல்ல படம் கிடையாது என்பேன். காதல் படம் என்றால் வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடம். வெட்டுக்குத்துப் படம் போட்டால் மாமியார் எழுந்து போய்விடுவார். ஆனால் 'கனா'வோ 'வெண்ணிலா கபடி குழு'வோ டி.வி.யில் வந்தால் அப்பத்தாவிலிருந்து பேத்தி வரைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்து விடுகிறோமே, ஏன்?

முதல் காரணம், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பத்தாவது வரை படித்த எனக்கு கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. இன்னும் விளங்கினபாடில்லை. ஆனாலும் கடைசி ஓவர் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து நிற்பேன். கபடிக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. பக்கத்துக்கு 7 பேர், நடுவில் ஒரு கோடு, மூச்சு விடாமல் 30 விநாடி. நம்ம மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் பொங்கலுக்குச் சடுகுடு பார்க்காமலா வளர்ந்தோம்? 2004-ல் வந்த 'கில்லி'யை 20 வருடம் கழித்து 2024-ல் திரும்பத் தியேட்டரில் போட்டபோதும் கூட்டம் அலைமோதியது. முடிவு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது பாருங்கள், அதுதான் விளையாட்டின் ருசி.

இரண்டாவது, நல்ல விளையாட்டுப் படம் எல்லாமே வீட்டுக் கதைதான். 'கில்லி'யில் கபடி ஆடுகிற மகனை உருப்படாதவன் என்று வைகிற அப்பா. 2024-ல் வந்த 'லப்பர் பந்து'வில் கிரிக்கெட் மட்டையைக் கீழே வைக்காத கணவனோடு மல்லுக்கட்டும் மனைவி. 2018-ல் வந்த 'கனா'வில் விவசாயக் கடனில் தவிக்கிற அப்பாவின் முகத்தில் சிரிப்பைப் பார்க்கவே கிரிக்கெட் ஆட நினைக்கிற மகள். அதில் ஆரம்பத்தில் அடிக்கிற அம்மாவே பிறகு ஊர்ப் பேச்சை எதிர்த்து மகள் பக்கம் நிற்பார். கடைசியில் விழுகிற விக்கெட்டைவிட அந்த அம்மா மாறுகிற இடம்தான் எனக்குப் பெரிசு.

மூன்றாவது, தோற்கிறவர்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது. 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு'வைச் சொல்லுங்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற கிராமத்துப் பையன்கள், நம்ம மதுரைக்கு வந்து ஆடுகிறார்கள். பரோட்டா பந்தயத்தில் நம்ம ஊர்க்காரர் சூரி வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். அவ்வளவு சிரித்த பிறகு, ஆடு மேய்க்கிற அந்தப் பையன் ஆடுகளத்திலேயே உயிரை விடும்போது மனசு தாங்காது. கப்பு வாங்கினால்தான் கதை என்றில்லை என்று சொல்லாமல் சொன்ன படம் அது.

குறை இல்லையா? இருக்கிறது. பாதிப் படங்களில் கதாநாயகிக்கு வேலையே ஓரத்தில் நின்று கை தட்டுவதுதான். 2019-ல் வந்த 'பிகில்' பெண்கள் கால்பந்தைப் பற்றிய படம். கல்யாணம் ஆகி அடுப்படியோடு நின்றுபோன ஒரு பெண்ணைத் திரும்ப மைதானத்துக்குக் கூட்டி வரும் காட்சி எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதே படத்தில் குண்டாக இருக்கிற பெண்ணை உருவத்தைச் சொல்லித் திட்டினால்தான் அவளுக்கு ரோஷம் வருமாம். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நம் பிள்ளையை ஒரு வாத்தியார் அப்படிப் பேசினால் சும்மா இருப்போமா?

சரி, படத்தை விடுங்கள். இனி சொல்லப் போவதுதான் நான் எழுதவே காரணம். சென்ற வருடம் எட்டாம் வகுப்பு படித்த என் மகளைப் பள்ளிக் கபடி அணியில் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து கேட்டு அனுப்பினார்கள். வீட்டில் ஒரே ரகளை. "வயசுக்கு வந்த புள்ள கால்சட்டை போட்டுக்கிட்டு ஊர் முன்னாடி விழுந்து புரளணுமா? கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கனா படத்துல அந்தப் புள்ள ஜெயிச்சப்ப நீங்கதானே அத்தை கண்ணைத் துடைச்சீங்க?" என்று கேட்டேன். "அது சினிமாடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அது சினிமாவா? 2016-ல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில் மீன் விற்கிற பெண்ணாக நடித்த ரித்திகா சிங், நிஜத்திலும் சண்டைப் பயிற்சி பெற்ற வீராங்கனைதான். அவரையும் விடுங்கள், நம்ம மதுரைக்கு வருவோம். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்த பிள்ளை. ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டியும் முதலில் தயங்கியவர்தான். பயிற்சியாளர் கண்ணன் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். காது கேளாத மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் 3 தங்கம் வாங்கி வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றபோது, சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகாவும் அந்த அணியில் இருந்தார். அடுத்த மாதமே நம் பெண்கள் கிரிக்கெட்டில் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். இவர்களில் யார் சினிமாவிலிருந்து இறங்கி வந்தவர்? எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பாட்டியோ அம்மாவோ 'சரி, போ' என்று சொன்னதால் வந்தவர்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன். மகள் ஆடிக்கொண்டிருக்கிறாள். அத்தையின் முணுமுணுப்பு இன்னும் நிற்கவில்லை. பத்தாவது வரும்போது 'படிப்பு கெட்டுப் போகும்' என்று அடுத்த தடை வரும், அதுவும் தெரியும். அப்போதும் நான் பேசத்தான் வேண்டியிருக்கும்.

தோழிகளே, பதக்கம் வாங்கத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து வயது வரை தெருவில் ஓடி ஆடிய பிள்ளையை, வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் உட்கார வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பையனுக்கு அவித்துக் கொடுக்கிற முட்டையையும் கொண்டைக்கடலையையும் பெண்ணுக்கும் கொடுங்கள். பள்ளியில் பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை, சுத்தமான கழிப்பறை உண்டா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இது இல்லாமலேயே எத்தனையோ பிள்ளைகள் ஆட்டத்தை விடுகிறார்கள். பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி வைத்தால், பெண்களுக்கும் ஒரு ஆட்டம் வையுங்கள் என்று விழாக் கமிட்டியில் சொல்லுங்கள். போட்டி நடந்தால் நாம் நாலு பேர் சேர்ந்து போய் உட்காருவோம்.

டி.வி. முன்னால் உட்கார்ந்து தட்டுகிற கையை, நம் வீட்டுப் பிள்ளைக்கும் தட்டினால் என்ன? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, திருப்பாலை, மதுரை.