மறைக்கத்தகாத குலவரலாறு

குழந்தையின் மேனியிற் காரணமின்றி நீலத் தழும்புகளும் செம்புள்ளிகளும் தோன்றுமிடத்துப் பெற்றோர் நடுங்குவது இயல்பே. குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுக்கள் ஒரு மைக்ரோலீற்றரில் 150,000க்குக் குறையாதிருத்தல் வேண்டும். இந்நோயில் அவை 20,000க்கும் கீழே வீழ்தலுண்டு. உடலைக் காக்கவேண்டிய பிறபொருளெதிரிகளே சிறுதட்டுக்களைப் பகையெனப் பற்ற, மண்ணீரல் அவற்றை விழுங்குகின்றது. 1950இல் ஹரிங்டன் என்னும் அமெரிக்க வைத்தியர் நோயாளியொருவரின் குருதியைத் தம்முடலில் ஏற்றி, தம் சிறுதட்டுக்கள் சில மணி நேரத்துள் அருகக் கண்டார். (அத்துணிவை எம் விஞ்ஞான மாணவர் பின்பற்றாதிருப்பாராக!)

இது குலவழி வருவதோ என வினவுவார்க்கு, பெரும்பாலும் அன்று என்பதே எம் விடை. வைரசுக் காய்ச்சலொன்று வந்துபோன சில வாரங்களில் இது தோன்றுதல் வழக்கம். ஓராண்டுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகின்றனர். மண்ணீரற் கலங்களிற் பிறபொருளெதிரிகளைப் பற்றும் வாங்கிகளை ஆக்கும் பரம்பரையலகுகளிற் சில வேறுபாடுகள் இந்நோயாளரிடம் மிகுதியாயுள்ளனவெனச் சில ஆய்வுகள் கூறும். ஆனால் அவ்வேறுபாடுகளுடன் நோயின்றி வாழ்வார் பலர். ஆதலின், சிறுவயதில் இந்நோயுற்றாள் என்பதற்காக ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சைக் குலைப்பார்க்கு விஞ்ஞானம் துணைநில்லாது.

எனினும் சிறுபான்மையொன்றுண்டு. 1937இல் மியூனிக் நகரத்து வைத்தியர் விஸ்கொற், குருதிக்கசிவும் கரப்பனும் காதிற் சீழும் கொண்டு இறந்த மூன்று சகோதரரைப் பற்றி எழுதினார். அவர்தம் சகோதரிகளோ நலமாயிருந்தனர். கட்டுரைத் தலைப்பிலே அவர் இட்ட கேள்விக்குறி எம்மை வியப்பிலாழ்த்துகின்றது: வழக்கமான நோய்தானா இது என அவர் ஐயுற்றிருந்தார். 1954இல் ஓல்ட்றிச் என்பார் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை வரிசைப்படுத்தி, தாய்வழி வந்து ஆண்மக்களைத் தாக்கும் நோயிதுவெனக் காட்டினார். உரிய பரம்பரையலகு 1994இலேதான் கண்டறியப்பட்டது. அதற்கு நாற்பதாண்டு முன்னரே உண்மையை வெளிப்படுத்தியது, குடும்பத்தார் ஒளிக்காது உரைத்த குலவரலாறேயன்றோ?

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையுந் தீங்கு பெரிது. முன்னதிற் காத்திருத்தலே பலகாற் போதுமானது. பின்னதில் காத்திருத்தல் உயிராபத்து. பொருத்தமான என்புமச்சையை மாற்றிவைத்துக் குணப்படுத்தும் வழி 1968 முதல் உண்டு. சிறுதட்டுக்கள் அளவிற் சிறுத்திருத்தலும் ஓர் அறிகுறி; ஆய்வுகூடத்தார் எண்ணிக்கையோடு அமையாது பருமனையும் நோக்குவாராக.

எம்மவரோ, 'குடும்பத்தில் வேறெவர்க்கும் உண்டோ?' என வைத்தியர் வினவியதும் வாய்மூடிவிடுகின்றனர். இளமையில் இறந்த ஆண்பிள்ளையின் பெயரே வீட்டில் வழங்காதொழிகின்றது. சம்பந்தம் பேசும் காலத்து வரும் பழியை அஞ்சியே இம்மௌனம் என்பதை நாமறிவோம். ஆயினும் அதனை ஒப்போம். மாமியார் அருகிருக்க மருமகள் உண்மை சொல்லாள். வைத்தியத்துறையிலுள்ள எம் பழைய மாணவர், தாயைத் தனியே இருத்தி, அவள் உடன்பிறந்தாரைப் பற்றியும் தாய்மாமன்மாரைப் பற்றியும் ஆறுதலாகக் கேட்பாராக.