கறிக்கோழி கம்பெனிக்கு, கழிவு யாருக்கு?

பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், ஆள்கூலி நம்முடையது. ஆறு வாரத்தில் கோழியை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விடும். கூளமும் செத்த கோழியும் நம் நிலத்திலேயே கிடக்கும். ஈ, நாற்றம் என்று ஊரார் புகார் கொடுத்தால் அதுவும் நம் பெயரில்தான்.

முன்பு ஒரு லட்சம் கோழிக்குக் குறைவான பண்ணைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி தேவையில்லை என்று விலக்கு இருந்தது. 2020-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. இப்போது ஒரே இடத்தில் 5,000 கோழிக்கு மேல் இருந்தால் அனுமதி வாங்க வேண்டும். ஒரு கம்பெனி பல ஊர்களில் லட்சக்கணக்கில் வளர்த்தாலும் எண்ணிக்கை பண்ணை வாரியாகத்தான். கோழி யாருடையதோ அவருக்கும் கழிவில் பொறுப்பு வேண்டாமா?

5,000-க்குக் கீழே என்றால் விதி விட்டுவிடும், கிணறு விடாது. எருவைத் திறந்தவெளியில் குவித்து வைத்தால், மழையில் அதிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறையும். தண்ணீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

ஈயின் கதையும் ஈரத்தில்தான் ஆரம்பம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ ஆக ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த கூளத்தில் புழு பிழைக்காது. அதனால் மருந்து தெளிப்பதற்கு முன்பு ஒழுகும் நிப்பிளை மாற்றுங்கள், நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளுங்கள். கண்ணை எரிக்கும் அம்மோனியா நெடி வேறொன்றுமில்லை, எருவின் தழைச்சத்து காற்றில் போகிறது. எரு வாங்குபவர் அதற்குத்தானே காசு தருகிறார்!

எருவை மேட்டில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். செத்த கோழியை வாய்க்காலில் வீசாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். குழி வெட்டும் கூலி யார் கணக்கு என்று அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பக்கத்துப் பண்ணையாளர்களோடு சேர்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

அடுத்த குஞ்சு இறங்கும் முன், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து நைட்ரேட் அளவைப் பார்த்துவிடுங்கள்.