விளையாட்டு முற்றம்: 20 வயதில் 20 பேர்

கிறிக்கெற் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பேஸ்போல் இலேசில் பிடிபடாது. விக்கெற் எங்கே என்று கண் தேடும். 'ஸ்ரைக் அவுட்' மட்டும் விளங்கினால் போதும், பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம். விசிறித் தவறவிட்ட பந்தும் ஸ்ரைக், அடிக்கக்கூடிய பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ரைக். மூன்றானால் ஆள் வெளியே.

ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை வெளியேற்ற வேண்டும். ஒருவர் தனியே பத்துப் பேரை இப்படி வீழ்த்தினாலே பெரிய காரியம். பொஸ்ரன் அணியின் ரொஜர் கிளெமென்ஸ் 1986இல் 20 பேரை வீழ்த்தினார். 1996இல் திரும்பவும் 20. (அடுத்த வருடம் ரொறொன்ரோவுக்கு விளையாட வந்தவர் இவர்தான்.)

1998 மே 6ஆம் திகதி சிக்காகோ கப்ஸ் அணிக்குப் பந்து வீசிய கெரி வூட்டுக்கு வயதே 20. பெரிய லீக்கில் அவர் தொடங்கிய ஐந்தாவது ஆட்டம் அது. ஹூஸ்ரன் அணியின் முதல் ஐந்து பேரும் வரிசையாக ஸ்ரைக் அவுட். நேரே வருவதாகத் தோன்றும் பந்து கடைசி நேரத்தில் விலகிப்போகும். மட்டை வெறுங்காற்றை அடிக்கும். அன்று விழுந்தது 20 பேர். ஹூஸ்ரனுக்குக் கிடைத்தது ஒரேயொரு அடி. என் கணக்கில் இதற்கு மிஞ்சிய பந்துவீச்சு இல்லை.

ஆனால் 1999 முழுவதும் வூட் விளையாடவில்லை. முழங்கையில் சத்திரசிகிச்சை. உங்கள் பிள்ளை பந்து வீசப் பழகினால், ஒரு நாளைக்கு எத்தனை வீசுகிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வூட் திரும்பி வந்து, 2003இல் 266 பேரை வீழ்த்தித் தன் லீக்கில் முதலாவதாக நின்றார். 2016இல் வோஷிங்ரனின் மக்ஸ் ஷேர்சரும் ஒரே ஆட்டத்தில் 20ஐத் தொட்டார். ஒன்பது இன்னிங்ஸுக்குள் 21ஐ இன்னும் ஒருவரும் எட்டவில்லை.